கையெழுத்து எண்ணிக்கை மக்கள் கருத்தாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கம்யூனிஸ்ட் ஆட்சிக்காலப் போலந்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, 1950-இல் அணுகுண்டைத் தடைசெய்யக் கோரிச் சோவியத் ஆதரவோடு நடந்த ஸ்டாக்ஹோம் சமாதான முறையீட்டில் அந்நாட்டார் 1 கோடியே 80 லட்சம் பேர் கையெழுத்திட்டதை, மக்கள் மாஸ்கோவின் பக்கம் நின்றதற்குச் சான்றாகக் காட்டுகிறது. அன்று போலந்தின் மக்கள்தொகையே சுமார் 2.5 கோடி. குழந்தைகளைக் கழித்துப் பாருங்கள், வயதுவந்தவர்களில் கையெழுத்திடாதவர் அநேகமாக மிச்சமில்லை. மறுத்த பாதிரியார்கள் பலர் பள்ளியில் மறைக்கல்வி நடத்தும் உரிமையை இழந்தார்கள். எவ்வளவு அழுத்தம் இருந்தது என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது.

முறையான கருத்தாய்வு, ஸ்டாலின் காலக் கெடுபிடி தளர்ந்த 1956 அக்டோபர் மாற்றத்துக்குப் பிறகுதான் வேர்பிடித்தது. 1958-இல் போலந்து வானொலியின் கீழ் ஓபோப் என்ற ஆய்வு மையம் தொடங்கியது. அதன் எண்களைக் குப்பையில் போட வேண்டாம். ஆனால் முதலில் கேள்வியைப் படிக்க வேண்டும். சோவியத் கூட்டணி வேண்டுமா, அந்தப் படைகள் போலந்தில் இருக்கலாமா என்று நேராகக் கேட்க வழியில்லை. அடுத்து, 'சொல்வது கடினம்' என்ற பத்தியைப் பாருங்கள். விலைவாசிக் கேள்வியில் அது சிறுத்தும் வெளியுறவுக் கேள்வியில் பெருத்தும் இருந்தால், அறியாமையோடு அச்சத்தையும் சந்தேகிக்க வேண்டும். 1982-இல், ராணுவச் சட்டத்தின்போது, அரசு இன்னொரு மையத்தை நிறுவிக் கர்னல் ஸ்தானிஸ்வாவ் குவியாத்கோவ்ஸ்கியிடம் ஒப்படைத்தது. கேட்பவர் யாருடைய ஆள் என்பது பதில் சொல்பவருக்குத் தெரியும். அதனால் ஒரே கேள்விக்கு வெவ்வேறு மாதங்களில் வந்த ஏற்ற இறக்கத்தை ஓரளவு நம்பலாம். தனியாக நிற்கும் சதவீதத்தை நம்பக் கூடாது.

அமெரிக்கப் பணத்தில் இயங்கிய சுதந்திர ஐரோப்பா வானொலிக்காக நடந்த ஆய்வுகளின் கோளாறு நேர் எதிரானது. மேற்கு ஐரோப்பாவுக்கு வந்த போலந்துப் பயணிகளிடம் கேட்டார்கள். பயம் குறைவுதான். ஆனால் பாஸ்போர்ட் கிடைத்தவர்களில் நகரத்தாரும் படித்தவர்களும் அதிகம். கிராமத்து விவசாயி அந்த மாதிரிக்குள் வருவது அரிது.

கேள்வித்தாளே இல்லாமல் வெளிப்பட்ட கருத்தும் உண்டு. 1959 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்கத் துணை அதிபர் நிக்சன் வார்சாவுக்கு வந்தார். அவர் வரும் பாதையை அரசு அறிவிக்கவில்லை. இருந்தும் பெருங்கூட்டம் திரண்டு பூக்களை வீசியது. 1967-இல் இஸ்ரேலுக்கும் சோவியத் ஆதரவு பெற்ற அரபு நாடுகளுக்கும் நடந்த ஆறு நாள் போரின்போது, 'நம்ம யூதர்கள் ரஷ்யாவின் அரபுகளை அடிக்கிறார்கள்' என்ற பேச்சு பரவியது. இதை இஸ்ரேல் பாசம் என்று படிப்பது தவறு. அதில் இருந்தது பெரும்பாலும் மாஸ்கோ மீதான வெறுப்பு. 1968 செப்டம்பர் 8 அன்று, செக்கோஸ்லோவாக்கியா மீது சோவியத் தலைமையில் நடந்த படையெடுப்பைக் கண்டித்து ரிஷார்ட் சிவியெட்ஸ் என்ற கணக்காளர் வார்சா விளையாட்டரங்கில் அறுவடை விழாக் கூட்டத்தின் நடுவே தீக்குளித்தார். பத்திரிகைகள் மூச்சுவிடவில்லை.

எல்லாவற்றிலும் மக்கள் அரசுக்கு எதிராகவே நின்றார்கள் என்ற மறுகோடிக்கும் போய்விடக் கூடாது. ஜெர்மனி விஷயம் வேறு. போருக்குப் பின் ஜெர்மனியோடு வகுக்கப்பட்ட ஓடர்-நைஸ எல்லை பறிபோகுமோ என்ற பயம் உண்மையான பயம். 1965 நவம்பரில் போலந்து ஆயர்கள் ஜெர்மன் ஆயர்களுக்கு 'மன்னிக்கிறோம், மன்னிப்பும் கேட்கிறோம்' என்று எழுதியபோது, கோவிலுக்குப் போகும் கத்தோலிக்கரிலும் பலர் மனம் புண்பட்டனர். போர் முடிந்து இருபது ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்தக் காயத்தை அரசு பயன்படுத்திக்கொண்டது, உண்டாக்கவில்லை.

கட்டுரையாளர் அன்றைய நாளிதழ்களையும் மேற்கோள் காட்டுகிறார். அவற்றோடு தணிக்கை உத்தரவுகளையும் சேர்த்துப் படிக்கட்டும். கிராக்கோவ் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்த தோமாஷ் ஸ்ட்ஷிஜெவ்ஸ்கி 1977-இல் ஸ்வீடனுக்குக் கடத்திவந்த கோப்புகளில் அவை இருக்கின்றன. சோவியத்துக்குப் போகும் இறைச்சியைப் பற்றி எழுதக் கூடாது. போலந்து அதிகாரிகளைச் சோவியத் ரகசியப் போலீஸ் 1940-இல் சுட்டுக்கொன்ற கத்தினில் இறந்தவரைப் பற்றி எழுதும்போது இறந்த தேதி போட்டால், அது 1941 ஜூலைக்கு முந்தியதாக இருக்கக் கூடாது. ஜெர்மானியர் அந்தப் பகுதியைப் பிடித்தது அப்போதுதான் என்பதால், முந்தைய தேதி சோவியத்தைக் குற்றவாளியாக்கிவிடும். மக்கள் வீட்டில் எதைப் பேசிக்கொண்டார்கள் என்று அரசு அஞ்சியதோ, அது அந்தப் பட்டியலில் இருக்கிறது.

தொடரின் அடுத்த பகுதியில் சதவீதங்கள் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றின் அருகிலும் ஆய்வு செய்தவர் யார், எந்த மாதம், எத்தனை பேரிடம், கேள்வியின் முழு வாசகம் என்ன என்பதையும் அச்சிடுங்கள். இரண்டு மையங்களின் எண்களைத் தயவுசெய்து ஒரே கோட்டில் இணைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்