ஈப்போவுக்குப் போகும் முன்

சுங்கை சிப்புட்

அன்பு மகன் குமரனுக்கு அம்மா எழுதுவது.

யாழினியின் உடம்பைப் பற்றிப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நீ கூப்பிடும் நேரத்தில் அவள் என் மடியிலேயே உட்கார்ந்திருக்கிறாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு எல்லாம் புரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நீயும் கவிதாவும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

அவள் முகத்தில் இருக்கும் தடிப்பை வீடியோவில் பார்த்துவிட்டு வெயில் சூடு என்றாய். பக்கத்து வீட்டு அக்கா அக்கி என்கிறார். நேரில் பார்த்தால் அப்படி இல்லை, ஐயா. நம் நிறத்துக்கு அது சிவப்பாகத் தெரிவதில்லை. ஒரு நாள் கருஞ்சிவப்பு, ஒரு நாள் வெறும் கருப்பு. இரண்டு கன்னத்திலும் படர்ந்து மூக்குத் தண்டின் மேல் ஒன்றாகச் சேர்கிறது. மூக்கோரத்திலிருந்து வாய்ப்பக்கம் இறங்கும் மடிப்பு மட்டும் சுத்தமாக இருக்கிறது. அரசாங்க கிளினிக் டாக்டர் அந்த மடிப்பைத்தான் முதலில் பார்த்தார்.

முகம் மட்டும் என்றால் நான் இவ்வளவு பதற மாட்டேன். காலையில் அவளால் பள்ளிச் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. விரல் கணுவெல்லாம் வீங்கியிருக்கிறது. கையை மூடச் சொன்னால் பாதியில் நின்றுவிடுகிறது. வெந்நீரில் கையை வைத்து மெதுவாக நீவி விட்டுத்தான் அனுப்புகிறேன். பத்து மணிக்கு மேல்தான் பென்சிலை ஒழுங்காகப் பிடிக்கிறாள் என்று டீச்சரும் சொன்னார். காய்ச்சல் வருகிறது, போகிறது. டெங்கி சோதனை செய்தாயிற்று, இல்லை. தலை சீவினால் சீப்பு நிறைய முடி. மேல் அண்ணத்தில் ஒரு புண் இருக்கிறது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். வலிக்கிறதா என்றால் "இல்ல பாட்டி" என்கிறாள். வலிக்காத வாய்ப்புண்ணையும் அவர் எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை பள்ளிச் சபைகூடலில் வெயிலில் நின்றுவிட்டு வந்தால் இத்தனையும் கூடிவிடுகிறது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, லூபஸாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே சொந்த உடம்பைத் தாக்குகிற நோய் அது. பெரும்பாலும் பெண்களுக்குத்தான் வருமாம். பெரியவர்களில் பத்து நோயாளிகள் என்றால் ஒன்பது பேர் பெண்கள். பிள்ளைகளுக்கு வந்தால் பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல்தான் அதிகம், ஐந்து வயதுக்குக் கீழே மிகவும் அபூர்வம். நம் யாழினி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறாள். அதனால்தான் அவசரப்பட்டுப் பெயர் வைக்காமல் ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அங்கே என்ன செய்வார்கள் என்று கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். முதலில் முழு இரத்தப் பரிசோதனை. வெள்ளணு, தட்டணு, ஹீமோகுளோபின் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் ஏ.என்.ஏ. என்று ஒன்று, சொந்த உடம்பின் அணுக்கருவையே எதிர்க்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. நீ உடனே இணையத்தில் தேடுவாய் என்று தெரியும், அதனால் இதைக் கவனமாகப் படி. லூபஸ் உள்ளவர்களில் அநேகமாக எல்லாருக்கும் ஏ.என்.ஏ. பாசிட்டிவாக இருக்கும். ஆனால் ஒரு நோயும் இல்லாத பிள்ளைகள் சிலருக்கும் அது பாசிட்டிவாக வரும். அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு கவிதாவை அழவிடாதே. சொந்த டி.என்.ஏ.வையே எதிர்க்கும் டி.எஸ்.டி.என்.ஏ. எதிர்ப்பொருள், சி3, சி4 என்ற எதிர்ப்புச் சக்திப் புரதங்களின் அளவு, இவற்றோடு பிள்ளையின் உடம்பையும் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள்.

எனக்குப் பெரிய கவலை சிறுநீர்தான். இந்த நோய் சிறுநீரகத்தைத் தொட்டால் முதலில் வலியே இருக்காதாம். சிறுநீரில் புரதமும் இரத்தமும் கசிவதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு வரும் லூபஸில் சிறுநீரகம் கெடுவது பெரியவர்களைவிட அதிகம். கால் வீங்கியிருக்கிறதா என்று தினமும் அழுத்திப் பார்க்கிறேன். இதுவரை இல்லை.

இன்னொன்று. பட்டணத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து, இரண்டு நாளில் எல்லாம் அடங்கிவிடும் என்றார்கள். நான் கொடுக்கவில்லை. அரசாங்க டாக்டரிடம் காட்டியபோது, நல்ல வேளை என்றார். மூட்டு வலியும் காய்ச்சலும் இரத்தப் புற்றுநோயிலும் வருமாம். அது இல்லை என்று தெரிவதற்கு முன் ஸ்டீராய்டு கொடுத்தால் நோயின் அடையாளமே மறைந்து, கண்டுபிடிப்பது சிரமமாகிவிடும். இதைப் படித்து நீ பயப்படுவாய். ஆனால் பெயர் தெரியாமல் மருந்து வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருப்பதன் காரணம் உனக்குப் புரிய வேண்டும். உன் மாமியார் அனுப்பிய கஷாயப் பொடியையும் இதே காரணத்துக்காகத்தான் எடுத்து வைத்துவிட்டேன். மாரியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்தோம், அதில் தவறே இல்லை. வயிற்றுக்குள் போவதில்தான் எனக்குக் கண்டிப்பு.

லூபஸ்தான் என்று ஆனாலும் மருந்து இருக்கிறது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மாத்திரைதான் பெரும்பாலும் கொடுப்பார்களாம். அது மலேரியாவுக்கு வந்த மருந்து என்று கேட்டதும் உன் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர் தாத்தா காலத்தில் தோட்டத்து மருந்தக டிரெசர் வரிசையில் நிற்க வைத்து மலேரியாவுக்குக் கொயினா கொடுத்த கதையெல்லாம் சொன்னார். இதைச் சாப்பிடும் காலத்தில் கண்ணை மட்டும் அவ்வப்போது சோதித்துக்கொள்ள வேண்டுமாம்.

இப்போது உன்னிடம் கேட்பது. டாக்டர் குடும்பத்தில் யாருக்காவது லூபஸ், தைராய்டு, மூட்டு வாதம் இருக்கிறதா என்று கேட்டார். நம் பக்கம் நான் சொல்லிவிட்டேன், அப்படி யாரும் இல்லை. கவிதாவின் சித்தி ஒருவர் சின்ன வயதிலேயே சிறுநீரகம் கெட்டு இறந்தார் என்று கல்யாணத்தின்போது கேட்ட நினைவு. கவிதா அவள் அம்மாவிடம் பக்குவமாகக் கேட்டுச் சொல்லட்டும். குறை சொல்வதற்குக் கேட்கிறோம் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது. யாருடைய குற்றமும் இல்லை இது. தொட்டால் ஒட்டுகிற நோயும் இல்லை. தம்பிப் பையன் அவளோடு ஒரே தட்டில்தான் சாப்பிடுகிறான், நான் தடுக்கவில்லை.

சிங்கப்பூரில் லீவு கிடைப்பது லேசில்லை என்று தெரியும். இருந்தாலும் இந்த முறை இரண்டு பேருமே வரவேண்டும். இரத்தம் எடுக்கும்போது அவளுக்கு அம்மா மடி வேண்டும். டாக்டர் சொல்வதை நேரில் கேட்க நீ வேண்டும். நான் காய்ச்சல் வந்த நாளையெல்லாம் ஒரு நோட்டில் குறித்திருக்கிறேன். தடிப்பு அதிகமான நாள் எடுத்த படங்கள் அப்பாவின் போனில் இருக்கின்றன. அடுத்த சபைகூடலிலிருந்து நிழலில் உட்கார டீச்சர் ஒத்துக்கொண்டார். முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியும் வாங்கியாயிற்று. நீ வரும்போது பிள்ளைகள் பூசும் வெயில் கிரீம் ஒன்று வாங்கி வா, எஸ்.பி.எஃப். 50 என்று போட்டிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு அடுத்த வாரம் புதன்கிழமை காலை எட்டு மணிக்கு. செவ்வாய் ராத்திரிக்குள் வீடு வந்து சேருங்கள். பஸ் டிக்கெட் எடுத்ததும் அப்பாவுக்குச் செய்தி அனுப்பு. அமான்ஜெயா பஸ் நிலையத்தில் அவரே வந்து காத்திருப்பார்.

அம்மா