வலை ஊசி பிடிக்க முடியாத கைக்கு 30 சதவீதமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சாலை விபத்து இழப்பீடு பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். சம்பள ரசீது, வருமான வரிக் கணக்கு, கம்பெனிக் கடிதம் எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லியிருந்தீர்கள். சரியான யோசனைதான். ஆனால் எங்கள் ராமநாதபுரம் கரையில் இந்த மூன்றும் யாரிடம் இருக்கின்றன? தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நடந்து பாருங்கள். கடலுக்குப் போகிறவரிடமும் இருக்காது, கடல் பாசி எடுக்கும் பெண்களிடமும் இருக்காது, கருவாட்டுக் கூடை சுமக்கிறவரிடமும் இருக்காது.

நான் பாம்பனில் ஒரு சம்மாட்டியிடம், அதாவது படகு முதலாளியிடம், கணக்கு எழுதுகிறேன். என் தங்கை வீட்டுக்காரர் அவருடைய விசைப்படகில்தான் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ராமநாதபுரம் போய்விட்டு பைக்கில் திரும்பும்போது, உச்சிப்புளி தாண்டி, ராமேஸ்வரத்திலிருந்து வந்த சுற்றுலா கார் ஒன்று பஸ்ஸை முந்தப் பார்த்து அவர் மேல் மோதிவிட்டது. உயிர் பிழைத்தார். வலது மணிக்கட்டு நொறுங்கிப் போனது. இரண்டு ஆபரேஷன். முதல் 48 மணி நேரச் செலவைத் தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் பார்த்துக்கொண்டது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

இப்போது அவர் டீ கிளாஸைப் பிடிக்கிறார், சட்டை பட்டன் போடுகிறார். ஆனால் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் இறுக்கிச் சேராது. வலை ஊசியைக் கொடுத்தால் இரண்டு முடிச்சு போடுவதற்குள் நழுவி விழுகிறது. நனைந்த கயிறு கையில் நிற்பதே இல்லை. படகு ஆடும்போது கயிறு நிற்காத கையோடு ஒருவரை எந்தச் சம்மாட்டி ஏற்றுவார்? என் முதலாளி நல்லவர், அவரே ஏற்றவில்லை. ஏற்றவும் கூடாது.

மருத்துவக் குழு கொடுத்த சான்றிதழில் ஊனம் 30 சதவீதம். டாக்டர்கள் கையை அளந்து போட்டது, அதில் தப்பு இல்லை. தப்பு அதற்கு அப்புறம், விபத்து வழக்குத் தீர்ப்பாயத்தில் இழப்பீட்டைக் கணக்குப் போடும்போதுதான் வருகிறது. வயது 38 என்றால் வருட வருமானத்தைப் பெருக்கும் எண் 15. மாத வருமானம் 15,000 என்று வைத்தால் வருடத்துக்கு 1,80,000. பதினைந்தால் பெருக்கினால் 27 லட்சம். அதில் 30 சதவீதம் 8,10,000. மாத வருமானத்தை 10,000 என்று குறைத்துவிட்டால் அதுவே 5,40,000 ஆகிவிடும். எதிர்கால வருமான உயர்வு, மருத்துவச் செலவு, வலிக்கு என்று தனியாகச் சேரும் தொகைகளை நான் இங்கே கணக்கில் எடுக்கவில்லை.

ஆனால் கையின் ஊனம் வேறு, பிழைப்பின் இழப்பு வேறு என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒரு கை போனால் டிரைவருக்கும் தச்சருக்கும் கிட்டத்தட்ட முழு வருமானமும் போய்விடும், அரசு அலுவலக எழுத்தருக்கு அப்படிப் போகாது என்று அந்தத் தீர்ப்பிலேயே உதாரணம் இருக்கிறது. கடல் தொழிலாளி எந்தப் பக்கம் என்று கரையில் நிற்கிற சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். கோர்ட்டில் மட்டும் அதைச் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வழக்கின் குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் மச்சானிடம், “கை இப்போது எப்படி இருக்கிறது?” என்று கேட்டார். “பரவாயில்லை சார்” என்றார் மச்சான். கடல்காரர் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார். அந்நியர் முன்னால் கையை நீட்டிப் புலம்ப அவருக்கு வராது. அந்தப் பதில் அப்படியே பதிவாகிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த என் தங்கை அழுதுவிட்டாள்.

அடுத்து என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். படகுச் செலவு போக யாருக்கு என்ன பங்கு என்று நான் எழுதும் நோட்டைக் காட்டினேன். ரப்பர் ஸ்டாம்ப் எங்கே, ரசீது எங்கே என்றார்கள். வருடத்தில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்போது வருமானமே இல்லையே என்றும் கேட்டார்கள். ஐயா, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகுதான் கரையில் நிற்கும், கைகள் நிற்காது. வலை வேலையெல்லாம் அப்போதுதான் நடக்கும், அதற்கும் கூலி உண்டு.

யோசித்துப் பார்த்தால் ஆதாரம் இல்லாமல் இல்லை, சிதறிக் கிடக்கிறது. அரசாங்கம் கொடுக்கும் தடைக்கால நிவாரணம் மச்சானின் வங்கிக் கணக்கில்தான் விழுந்தது. அவர் மீனவர் என்பதற்கு அந்த பாஸ்புக் வரியைவிட நல்ல சாட்சி எது? மீனவர் நலவாரிய அட்டை இருக்கிறது. படகு கடலுக்குப் போன நாட்களுக்கு மீன்வளத்துறை கொடுத்த அனுமதி டோக்கன் இருக்கிறது. ஏலக்கடைச் சீட்டு இருக்கிறது. இவற்றையெல்லாம் பார்த்து, இன்ன தொழில், இன்ன பங்கு, சராசரி வருமானம் இவ்வளவு என்று மீன்வளத்துறையோ மீனவர் கூட்டுறவுச் சங்கமோ ஒரு சான்றிதழ் தர ஏற்பாடு செய்ய வேண்டும். மாவட்ட ஆட்சியர் நடத்தும் மீனவர் குறைதீர் கூட்டத்தில் இதை நான் மனுவாகக் கொடுக்கப் போகிறேன். பாசி எடுக்கும் பெண்களையும் அதில் சேர்க்கச் சொல்லிக் கேட்பேன். அவர்களுக்குப் படகும் கிடையாது, டோக்கனும் கிடையாது.

இன்னொரு விஷயம். வெளி மாநில வண்டி இடித்தால், “கேஸ் போட அங்கே போய் அலைய முடியாது, பத்தாயிரத்தை வாங்கிக்கொண்டு விடு” என்று ரோட்டிலேயே பேசி முடித்துவிடுகிறார்கள். அலைய வேண்டியதே இல்லை. காயம்பட்டவர் குடியிருக்கும் ஊருக்கான தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். ஆனால் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் 1 முதல் சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. அதை நம்பிக்கொண்டு, கட்டுப் பிரிக்கட்டும், கை சரியாகட்டும் என்று யாரும் நாளைக் கடத்த வேண்டாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேட்கலாம்.

அடுத்த வாய்தாவுக்கு பாஸ்புக்கையும் நான்கு வருட நோட்டுகளையும் எடுத்துப் போகிறோம். உங்களிடம் ஒரு வேண்டுகோள். சம்பள ரசீது இல்லாதவர்கள் தீர்ப்பாயத்துக்கு எதையெல்லாம் கொண்டுபோக வேண்டும் என்று விவரம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரை எழுதச் சொல்லி வெளியிடுங்கள். பாம்பனிலும் மண்டபத்திலும் தங்கச்சிமடத்திலும் ஏலக்கடைச் சுவர்களில் நானே ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
படகுக் கணக்கர் ஒருவர்,
பாம்பன்.