பூம் லாரி வாங்கப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

சவுதியில் ஜுபைலிலிருந்து நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு முறை கேட்டேன். மார்கழியோடு அங்கே கணக்கு முடித்துக்கொண்டு வருகிறாய், கையில் 10 லட்சம் இருக்கிறது, மீதி 30 லட்சத்துக்கு ஃபைனான்ஸ் போட்டு ஒரு பூம் லாரி, அதான் கிரேன் ஏற்றிய லாரி, எடுக்கலாமா என்கிறாய். போனில் பேசினால் நான் சத்தம் போட்டுவிடுவேன், அப்புறம் உன் அண்ணி என்னைச் சத்தம் போடுவாள். அதனால்தான் எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் நாலு பையன்கள் என்னிடம் வருகிறார்கள், அவர்களும் படிக்கட்டும் என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரியே எழுதுகிறேன்.

வண்டி ஓட்டுவதைப் பற்றி உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. எவ்வளவு தூரத்தில் எவ்வளவு எடை தூக்கலாம் என்கிற லோடு சார்ட்டை என்னைவிட நன்றாகப் படிப்பாய். ஆனால் உன்னை வேலைக்குக் கூப்பிடப்போகிறவருக்கு அது தெரியாது. "10 டன் கிரேன்தானே, 3 டன் தூக்காதா?" என்பார். அது 10 டன் மீட்டர், அதாவது எடையையும் தூரத்தையும் பெருக்கினால் 10 தாண்டக்கூடாது; 2 மீட்டரில் 5 டன், 5 மீட்டரில் 2 டன், 10 மீட்டரில் 1 டன். அதிலும் பூமின் சொந்த எடை கழியும் என்று விளக்கிக்கொண்டு நிற்பாய். அதற்குள் அவர் அடுத்த கிரேன்காரருக்குப் போன் போட்டிருப்பார்.

ஜுபைலில் நீ "முடியாது" என்றால் சுமை கட்டும் ரிகர், சேஃப்டி ஆபீசர், எப்படித் தூக்குவது என்று எழுதிவைத்த லிஃப்ட் பிளான் எல்லாம் உன் பக்கம் நிற்கும். சோதித்த அடையாளமாக மூன்று மாதத்துக்கு ஒரு நிறம் பூசுவார்கள், அந்த நிறம் இல்லாத லோடு பெல்ட்டை எடுத்தாலே வேலையை நிறுத்துவார்கள் என்று நீதான் சொன்னாய். இங்கே கோவையில் கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ ஒரு பட்டறைச் சந்துக்குள் நீயும் ஒரு ஹெல்ப்பரும் மட்டும்தான். முடியாது என்று நீ ஒருவன்தான் சொல்ல வேண்டும். சொன்னால் அன்றைய வாடகை போய்விடும்.

இதை எழுதும்போது உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆவாரம்பாளையத்தில் வண்டி சாய்ந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். பழைய வீட்டை வாங்கிப் பட்டறையாக மாற்றியிருந்தார்கள். மில்லிங் மெஷின் 2 டன் என்றார்கள். மெஷினில் அடித்திருந்த பிளேட்டில் எடை அழிந்திருந்தது. வண்டி சாயாமல் ஊன்றும் இடதுபக்கக் காலை இறக்கும் முன் நீ கடப்பாரையால் தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, சத்தம் ஒரு மாதிரி கேட்குது" என்றாய். நான் "ஒண்ணும் ஆகாது, கட்டையைப் போடு" என்றேன். நான் கவனிக்கவில்லை என்றுதான் நீ இத்தனை வருடமும் நினைத்திருப்பாய். கவனித்தேன். சுவரோரம் ஒரு காற்றுக்குழாயைத் தரையோடு வெட்டிவிட்டிருந்தது தெரிந்தது. கீழே பழைய செப்டிக் டேங்க் இருக்கும் என்று புரிந்தும் தூக்கினேன். அன்றைக்குத் தேதி 3. 5ஆம் தேதி வண்டித் தவணை. கணக்கில் 11 ஆயிரம் இருந்தது.

ஸ்லாப் உடைந்து கால் இறங்கியபோது நீ பெல்ட்டை விட்டுவிட்டுப் பின்னால் குதித்தாயே, அந்த ஒரு நொடியால்தான் இன்றைக்கு உனக்குக் கடிதம் எழுத முடிகிறது. இந்த மன்னிப்பை அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

கணக்கையும் அப்புறம்தான் போட்டுப் பார்த்தேன். லோடு ஒரு மூலைக்குத் திரும்பினால் பெரும்பாலான எடை அந்தப் பக்கத்துக் காலில்தான் உட்காரும். 8 டன் வருகிறது என்று வை. பாதம் 40 சென்டிமீட்டர் சதுரம் என்றால், சதுர மீட்டருக்கு 50 டன் அழுத்தம். அதே காலுக்குக் கீழே நன்றாகப் பிணைத்த கனமான கட்டைகளை ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு அடுக்கினால் 8 டன்னாகக் குறையும். நான் அன்றைக்குப் போட்டது ஒரே ஒரு பலகை. நம் ஊர் வீடுகளில் போர்டிகோவுக்குக் கீழே சம்ப், பின்பக்கம் செப்டிக் டேங்க், புதுக் காலனி என்றால் குழாய் பதித்து மூடிய பள்ளம். கட்டட வரைபடம் யாரிடமும் இருக்காது. வீட்டில் இருக்கும் வயதான அம்மாவிடம் கேள், அவருக்குத்தான் எங்கே என்ன புதைந்திருக்கிறது என்று தெரியும்.

எடையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாதே, அளந்து பார். கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2.5 டன், கிரானைட் 2.7, இரும்பு ஏறக்குறைய 7.8. அரை மீட்டர் சதுரத்தில் 4 மீட்டர் நீளமுள்ள கோயில் தூண் சரியாக ஒரு கன மீட்டர். ஸ்தபதி "ஒன்றரை டன் இருக்கும் தம்பி" என்று அன்பாகத்தான் சொல்வார். அது 2.7 டன்.

மின்கம்பியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஜுபைலில் நீ ரிமோட்டில் வேலை பார்க்கிறாய். இங்கே பழைய லாரி கிரேனில் லீவர் வண்டியின் பக்கவாட்டில் இருக்கும், ஆபரேட்டர் மண்ணில் நிற்பான். பூம் 11 கே.வி. லைனைத் தொட்டால் கரண்டுக்குத் தரைக்கு இறங்கும் வழி உன் உடம்புதான். கேபினுக்குள் இருப்பவனுக்காவது அங்கேயே அசையாமல் உட்கார ஒரு வாய்ப்பு உண்டு. பூம், ரோப், லோடு எதுவும் லைனுக்கு 3 மீட்டருக்குள் போகக்கூடாது என்பது என் கணக்கு. அதற்குள் போக வேண்டியிருந்தால் ஈ.பி.யில் எழுதிக் கொடுத்து லைனை நிறுத்தச் சொல். பார்ட்டி அரை நாள் காத்திருக்க மாட்டேன் என்றால் வண்டியைத் திருப்பிவிடு.

சரி, திருப்ப முடியுமா? அங்கேதான் உன் 30 லட்சம் வருகிறது. 11 சதவீத வட்டி, 48 மாதம் என்றால் மாதத் தவணை சுமார் 77,500. ஃபைனான்ஸ் ஆபீஸில் உனக்கு மாதம் 26 நாள் வேலை என்று கணக்கு எழுதிக் காட்டுவார்கள். அப்படிப் பார்த்தால் நாளைக்கு 3,000கூட வராது, லேசாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில், பொங்கல் வாரத்தில், வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாளில் 26 எங்கே கிடைக்கிறது? எனக்கு 15 நாள் ஓடினால் நல்ல மாதம். அப்போது ஓடுகிற ஒவ்வொரு நாளும் 5,000க்கு மேல் தவணைக்கே போகிறது. டீசல், ஹெல்ப்பர் பேட்டா, டயர், இன்சூரன்ஸ் எல்லாம் அதற்கு மேலே. இப்படி ஒரு மாதத்தின் 3ஆம் தேதியில் நிற்பவன் காற்றுக்குழாயைப் பார்த்தும் பார்க்காதவனாகத்தான் இருப்பான்.

15 லட்சத்துக்கு மேல் கடன் வேண்டாம். உன் காசோடு சேர்த்து 25 லட்சத்துக்குள் நல்ல செகண்ட் ஹேண்ட் வண்டி அமைகிறதா என்று பார்ப்போம். அமையவில்லையென்றால் இன்னும் ஒரு வருடம் அங்கேயே இரு. உன் அம்மா என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை.

வண்டி பார்க்கும்போது பெயிண்டைப் பார்த்து மயங்காதே. புதுப் பெயிண்ட் அடித்த பூம் என்றால் வெல்டிங்கை மறைக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம் வரும். லோடைத் தூக்கிக் கால் மணி நேரம் அப்படியே நிறுத்தச் சொல். இறங்கினால் சிலிண்டர் சீலோ வால்வோ போயிருக்கிறது. சுழலும் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா, கிரேன் உட்கார்ந்திருக்கும் இடத்தில் சேசிஸில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார். சீல், ஹோஸ் எல்லாம் மாற்றிக்கொள்ளலாம். பேரிங்கும் சேசிஸும் பழுதென்றால் பேரமே பேசாதே. இன்னொன்று, சாதாரண லாரியில் பின்னால் கிரேன் ஏற்றியிருந்தால் அந்த மாற்றம் ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும். 8 வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, வருடா வருடம் என்பதையும் கணக்கில் வை.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது ஏஜென்ட்டிடம் "ஐ.எம்.டி. 47" என்ற பெயரைச் சொல்லிக் கேள். கிரேனாக வேலை செய்யும்போது வண்டி கவிழ்ந்தால் நஷ்டஈடு கிடையாது என்கிற நிபந்தனை அதில் இருக்கிறது. கூடுதல் பிரீமியம் கட்டித்தான் அந்த நஷ்டஈட்டைச் சேர்க்க வேண்டும். எனக்கு அது ஆவாரம்பாளையத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது. ரோட்டில் கவிழ்ந்திருந்தால் காசு வந்திருக்கும், வேலையில் கவிழ்ந்ததால் வரவில்லை. அந்தச் செலவுக்குத்தான் உன் அண்ணியின் வளையல்கள் போயின.

வசூலைப் பற்றி எழுதினால் கை வலிக்கும். ஒரு லட்சத்துக்குப் பில் போட்டால் 18,000 ஜி.எஸ்.டி.யை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் நீ கட்டிவிட வேண்டும். பார்ட்டி உனக்குக் காசு கொடுத்தாரா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்த சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006லிருந்தே சட்டம் இருக்கிறது. இப்போது காசு தராமல் இழுக்கும் பார்ட்டிக்கு வருமான வரியிலும் ஒரு பிடி வைத்திருக்கிறார்கள். பதிவு செய்துகொள், நல்லதுதான். ஆனால் சட்டத்தைக் காட்டிக் காசு வாங்கிய பார்ட்டி மறுபடி கூப்பிட்டதாக எனக்கு அனுபவம் இல்லை. அதைவிட, வேலை முடிந்த நிமிடமே லாக் ஷீட்டில் நேரம் எழுதிக் கையெழுத்து வாங்கு. மறுநாள் போனால் 6 மணி நேரம் 4 ஆகியிருக்கும்.

தையில் நீ வந்ததும் சேர்ந்து போய் வண்டி பார்க்கலாம், நல்ல டார்ச் ஒன்று வாங்கி வா. ஷெட்டில் பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகள் எட்டு கிடக்கின்றன. ஆவாரம்பாளையத்துக்கு அப்புறம் வாங்கியவை. எது வாங்கினாலும் அவற்றை உன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போ.

அன்புடன்,
அண்ணன்