லிம் சூ காங் வேளாண் மனைகளுக்கு, ஏலக்குத்தகைக்கு முன்பே மண், நிலத்தடி நீர் ஆய்வறிக்கை வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
லிம் சூ காங், கிராஞ்சி வட்டாரங்களில் மண்ணில் காய்கறி பயிரிடுவோர், மண் நீர் பரிசோதனை செய்வோர்

பெறுநர்:
உயர் அதிகாரி அவர்கள்,
வேளாண் நிலக் குத்தகைப் பிரிவு,
சிங்கப்பூர்

பொருள்: பயிருக்கான மண், நிலத்தடி நீர் ஆய்வறிக்கையை ஏலக்குத்தகை ஆவணங்களுடன் இணைப்பது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வேளாண் மனைகள் ஏலத்துக்கு வரும்போது, ஒவ்வொரு மனைக்கும் பயிர் நோக்கில் எடுக்கப்பட்ட மண், நீர் ஆய்வறிக்கை ஒன்று ஆவணங்களோடு தரப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கட்டுமானத்துக்காகத் துளையிட்டு எடுக்கும் அறிக்கை இதற்கு ஈடாகாது. நிலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அது சொல்லும். வெண்டை வேர் பிடிக்குமா என்று சொல்லாது.

மேட்டுநிலச் செம்மண் எங்களுக்குப் பெரிய கவலை இல்லை. ஆண்டுக்கு 2,100 மி.மீ. அளவில் பெய்யும் மழை கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அரித்துச் செல்வதால் அது அமில மண். பிஎச் (அமில அளவு; 7-க்குக் கீழே குறையக் குறைய அமிலம் கூடும்) 4 முதல் 5 வரை இருக்கலாம். இடும் பாஸ்பேட்டை இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்ளும். டோலமைட் சுண்ணாம்பும் தொழுவுரமும் போட்டு இரண்டு மூன்று பருவத்தில் சரிசெய்துவிடலாம்.

சிக்கல் தாழ்நிலத்தில்தான். ஜோகூர் நீரிணையை ஒட்டி, முன்பு சதுப்புநிலக் காடாக இருந்த இடங்களின் சாம்பல்நிறக் களிமண்ணில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) இருக்க வாய்ப்புண்டு. நீருக்கடியில் அது சும்மா கிடக்கும். வாய்க்கால் வெட்டியோ பாத்தி உயர்த்தியோ காற்றுப் பட வைத்தால் கந்தக அமிலமாகும். பிஎச் 4-க்குக் கீழே போகும், கரைந்த அலுமினியம் வேர் நுனியைக் கருக்கும். மண்ணில் பைரைட் கந்தகம் 1 விழுக்காடு இருந்தாலே ஒரு டன் மண்ணைச் சமன்செய்ய ஏறத்தாழ 31 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் தேவை. 20 செ.மீ. ஆழத்துக்கு எக்டருக்கு 80 டன்! இந்தக் கணக்கு தெரியாமல் எப்படி விலை கேட்பது?

கண்டுபிடிப்பது கடினமன்று. ஒரு தேக்கரண்டி மண்ணில் 30 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு விட வேண்டும் (கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்). பொங்கி நுரைத்து, பிஎச் 3-க்குக் கீழே விழுந்தால் சந்தேகம் வலுக்கிறது; பிறகு ஆய்வகத்தில் கந்தகத்தை அளக்கலாம். இதற்கான மாதிரியை வழக்கம்போல் நிழலில் உலர்த்தக் கூடாது. உலரும்போதே அது அமிலமாகிவிடும். காற்றுப்புகாத பையில் உறைநிலையில் அனுப்ப வேண்டும்.

ஊட்டச்சத்துக்கான மாதிரி வேறு. மனையில் குறுக்கும் நெடுக்குமாக 15 முதல் 20 இடங்களில் 20 செ.மீ. ஆழம் வரை எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் கலந்து அரைக் கிலோ அனுப்பினால் போதும். துத்தநாகம் பூசிய வாளியில் எடுத்தால் துத்தநாக அளவு பொய்யாகும். மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றாகக் கலந்த மாதிரியால் எந்தப் பயனும் இல்லை. பழைய கால்நடைப் பண்ணை இருந்த மனையென்றால் தாமிரம், துத்தநாகம், நைட்ரேட் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நீர் மாதிரியில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. நிலத்தடி நீரைப் பார்க்க மண்ணில் இறக்கிய கண்காணிப்புக் குழாயில் தேங்கிய நீரை எடுத்தால் அது நிலத்தடி நீரைக் காட்டாது. 50 மி.மீ. விட்டமுள்ள கண்காணிப்புக் குழாயில் ஒரு மீட்டர் நீருக்கு ஏறத்தாழ 2 லிட்டர். 5 மீட்டர் நீர் நின்றால், மும்மடங்காக 30 லிட்டர் வெளியேற்றிய பிறகே மாதிரி. பிஎச்சையும் மின்கடத்துத்திறனையும் (நீரின் உப்பளவைக் காட்டுவது) அங்கேயே அளக்க வேண்டும். இரும்புக்கான நீரை உடனே வடிகட்டி நைட்ரிக் அமிலம் சேர்க்காவிட்டால் இரும்பு புட்டியின் அடியில் துருவாகப் படிந்துவிடும்; அறிக்கையில் குறைந்த அளவே வரும். லிட்டருக்கு 1.5 மி.கி. தாண்டிய இரும்பு சொட்டுநீர்த் துளைகளை அடைத்துவிடும். மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸ் வரை பாசனத்துக்குத் தடையில்லை, 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான காய்கறிகளுக்கு ஆகாது. பீன்ஸுக்கு, வேர்மண்ணின் உப்பு இதே அளவீட்டில் 1.0-ஐத் தாண்டும்போதே விளைச்சல் குறையத் தொடங்கும்.

ஒரே ஒரு முறை பார்த்த நீரை நம்ப முடியாது. டிசம்பர் மழையில் உப்பு நீர்த்துத் தெரியும். பிப்ரவரி வறட்சியில்தான் கடலோர மனையின் உண்மை நிலை வெளிப்படும்.

ஆகவே, மனை ஒன்றுக்கு மேட்டிலும் பள்ளத்திலும் தனித்தனி மண்ணாய்வு (களிமண் இருந்தால் பைரைட் சோதனையுடன்), டிசம்பரிலும் பிப்ரவரியிலும் நீராய்வு, மாதிரி எடுத்த இடமும் ஆழமும் குறித்த வரைபடம் ஆகியவற்றை விலைப்புள்ளி கேட்கும் முன்பே வெளியிட ஆவன செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம். அது இயலாதெனில், விலைப்புள்ளி முடியும் தேதிக்கு முன் எங்கள் செலவிலேயே மாதிரி எடுக்க மனைக்குள் இரண்டு முறை அனுமதி தந்தாலும் போதும். ஆய்வுச் செலவை ஏலம் எடுத்தவரிடம் வசூலிப்பதிலும் எங்களுக்கு மறுப்பில்லை.

இப்படிக்கு,
மனுதாரர்கள்