எந்தப் பதிப்பை வாங்குவது?

அன்புள்ள மகளுக்கு,

அவசர மருத்துவத்துக்கு எந்த நூலை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். பெயரைப் பார்ப்பதற்கு முன், பெயர்ப்பக்கத்தின் பின்புறம் பொடி எழுத்தில் இருப்பதைப் படி. பதிப்பு வேறு, மறுஅச்சு வேறு. பயிற்சிக் காலத்தில் அட்டையின் பளபளப்பைப் பார்த்து நான் ஏமாந்தேன். அச்சிட்ட ஆண்டு மட்டுமே புதிது, உள்ளே இருந்த பாடம் பழையது.

பதிப்பாண்டையும் முழுதாக நம்பிவிட முடியாது. பலர் எழுதிய அத்தியாயங்களைத் திரட்டிச் சரிபார்த்து அச்சேற்றுவதற்குள் காலம் ஓடிவிடுகிறது. ஆகவே, அத்தியாயத்தின் முடிவிலுள்ள மேற்கோள் பட்டியலில் மிக அண்மைய ஆண்டு எது என்று தேடிப் பார். அதுதான் அந்த அத்தியாயத்தின் வயது. முந்தைய பதிப்பிலிருந்து தூசி தட்டாமல் வந்து உட்கார்ந்த அத்தியாயங்களும் அப்போது பிடிபட்டுவிடும்.

அடுத்து, விடை மாறிப்போன கேள்விகளை வைத்துச் சோதித்துப் பார். இதயத்துடிப்பு அடியோடு நின்றவருக்கு அட்ரோபின் என்ற மருந்தை 1 மி.கி. கொடு என்று என் பழைய நூலில் இருக்கும். 2010இல் வந்த அமெரிக்க இதயச் சங்க வழிகாட்டுதல் அந்தப் பழக்கத்தைக் கைவிட்ட அன்று, அந்த வரியின் மேல் நான் பென்சிலால் இழுத்த கோடு இன்னும் அழியவில்லை. இதைக்கூடத் திருத்தாத புதுப் பதிப்பு இன்று அரிது என்பதால், உனக்கு இன்னும் கடினமான கேள்விகள் வேண்டும். பெரிய தமனி அடைபட்டுப் பக்கவாதம் வந்தவர்களில், மூளைப் படத்தைக் கொண்டு தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட ரத்தக்கட்டியைக் குழாய் செலுத்தி அகற்றலாம் என்ற 2018ஆம் ஆண்டு மாற்றம் அதில் இருக்கிறதா? மாரடைப்பு வந்தவருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 90 சதவீதத்துக்குக் குறையாதபோதும் வழக்கப்படி ஆக்சிஜன் கொடு என்கிறதா? அப்படிக் கொடுக்கச் சொன்னால் அந்த நூலை மூடி வைத்துவிடு.

மருந்தளவுக்கு மட்டும் எந்த நூலையும் நம்பி இருக்காதே. உன் பிரிவின் நடப்பு நெறிமுறையைப் பார். ஒரு நோய் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பதை நிதானமாக விளக்கும் நூலே பணத்துக்குத் தகும், அது எவ்வளவு கனமாக இருந்தாலும்.

என் பழைய நூலையே உனக்கு அனுப்பச் சொல்கிறாள் உன் அம்மா. அனுப்ப மாட்டேன், அந்தப் பென்சில் கோடு போடாத பக்கங்கள் அதில் இன்னும் நிறைய இருக்கின்றன.

அன்புடன்,
அப்பா