சிறிய அரங்கும் பெரிய ஓசையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பெரிய நிறுவனங்களைச் சாராமல் தாமே பாடல் இயற்றி இசைக்கும் நான்கு சுயாதீனக் குழுக்கள், நூறு பேர்கூட அமர முடியாத சிற்றரங்கில் ஒரே இரவில் இசைத்த நிகழ்ச்சிக்கு அண்மையில் சென்றிருந்தேன். பாடகர் மூச்சிழுப்பதுகூடத் தெரியும் அந்த நெருக்கத்தைப் பெரிய மேடைகள் தருவதில்லை.

ஆயினும், ஒலியளவைப் பற்றி அங்கு எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சிறிய அறையை டிரம்ஸின் ஓசை ஒலிபெருக்கி இல்லாமலேயே நிறைத்துவிடும். அதற்கு ஈடாகக் கிதாரின் ஒலியைக் கூட்டி, அதையும் மீறக் குரலை உயர்த்தி, கடைசியில் சொற்கள் புரியாத இரைச்சலே மிஞ்சியது. (வரிகள் நல்லவை என்பதைப் பின்னர் படித்துத்தான் அறிந்தேன்.) இத்தகைய அரங்குகளில் சராசரி ஒலியளவு 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றும், ஒலியைத் தொடர்ந்து அளந்து கண்காணிக்க வேண்டும் என்றும், காதடைப்பான்களும் செவிக்கு ஓய்வு தரும் அமைதியான இடமும் இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2022-ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. இவற்றுள் ஒன்றுகூட அங்கு இல்லை.

மேலும், ஒவ்வொரு குழுவும் தன் டிரம்ஸை ஏற்றி இறக்கியதில் இடைவேளைகள் நீண்டு, அன்றைய சிறந்த குழு பாதி காலியான நாற்காலிகளுக்கு வாசிக்க நேர்ந்தது. எல்லாருக்கும் பொதுவாக ஒரே டிரம்ஸை வைத்து, அதனுடன் இசைக்கும் உலோகத் தட்டுகளான சிம்பல்களை மட்டும் அவரவர் கொண்டுவரும்படி அமைப்பாளர்கள் முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாமே.

இப்படிக்கு,
ஓர் இசை ரசிகர்