பெட்டி தூக்க ஆள் வேண்டும்

ஆசிரியருக்கு,

விடுதிகளில் தொடக்கநிலை வேலைகளை இயந்திரங்களிடம் ஒப்படைக்கத் துடிப்பவர்கள், ஜப்பானின் நாகசாகி மாகாணத்தில் கேளிக்கைப் பூங்கா ஒன்றில் 2015-ல் திறக்கப்பட்ட ஹென் நா விடுதியைக் கவனிக்க வேண்டும். பெட்டி சுமக்கும் ரோபோக்களால் நூற்றுக்கும் மேற்பட்ட அறைகளில் சுமார் 24-ஐத்தான் எட்ட முடிந்தது. மழையிலும் பனியிலும் அவை பழுதாகின. அறையிலிருந்த பொம்மை ரோபோ குறட்டையைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு, தூங்கியவரை எழுப்பிக் கேள்வி கேட்டது. வரவேற்பில் டைனோசர் ரோபோ நின்றாலும், வெளிநாட்டவரின் பாஸ்போர்ட்டை நகலெடுக்க ஊழியர்தான் வந்தார். மிச்சப்படுத்தப் போய் வேலைப்பளு கூடியதுதான் மிச்சம். 243 ரோபோக்களில் பாதிக்குமேல் 2019-க்குள் நீக்கப்பட்டன.

புதிய இயந்திரம் வாங்கும் நிர்வாகங்கள் படிகள், மழை, மின்தடை எல்லாவற்றிலும் அதைச் சோதித்துப் பார்க்கட்டும். அதுவரை ஒருவரையும் வேலையைவிட்டு அனுப்பக் கூடாது.

இப்படிக்கு,
விடுதித் துறை ஊழியர்கள், கோவை